துண்டு துண்டாக ஒரு போர்வை

பினாங்கு, ஜார்ஜ்டவுனின் லிட்டில் இந்தியா பகுதியில் துணிக்கடைகளும் தையற்கடைகளும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. தையற்கடைகளில் அன்றாடம் துண்டுத் துணிகள் மிஞ்சுகின்றன. ஒரு சட்டைக்கோ இரவிக்கைக்கோ அவை போதா. ஆயினும், அவற்றை ஒரே அளவாக வெட்டி இணைத்தால் அழகிய ஒட்டுப்போர்வை ஒன்று உருவாகும். மலாய்க்காரர்கள் இவ்வகைத் தையலைத் ‘தம்பால் செரிபு’ என்பர். ‘ஆயிரம் ஒட்டு’ என்பது அதன் பொருள். வங்காளப் பெண்கள் பழைய சேலைகளை அடுக்கித் தைக்கும் ‘காந்தா’ போர்வையும் இதற்கு உறவானதே.

ஒட்டுப்போர்வை தைப்போரிடையே ‘மர்மப் போர்வை’ என்றொரு வழக்கம் உண்டு. இதில் முழுப் போர்வையின் படம் முதலில் காட்டப்படுவதில்லை. வடிவமைப்பாளர் செய்முறையைப் பகுதி பகுதியாகவே வெளியிடுவார். அடர் நிறம், இடை நிறம், வெளிர் நிறம் எனத் துணிகளைப் பிரித்துக்கொண்டு, அந்தந்தப் பகுதிக்குரிய துண்டுகளை மட்டும் தைக்க வேண்டும். இறுதியில் எல்லாவற்றையும் இணைக்கும்போதுதான் முழு வடிவம் புலப்படும்.

இத்தகைய போர்வையைத் தைக்க நீண்ட நேரம் கிடைக்குமெனக் காத்திருப்போர் பெரும்பாலும் அதனை முடிப்பதில்லை. நாளுக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்குவோரே முடிக்கின்றனர். அதற்கு வேலையைச் சிறு அலகாகப் பிரிக்கத் தெரிய வேண்டும். அறுகோணத் துண்டுகளால் அமைந்த பூ வடிவத்தை எடுத்துக்கொள்வோம். நடுவில் ஒரு துண்டு. அதனைச் சுற்றி இடைவெளியின்றி ஆறு துண்டுகள். ஆக மொத்தம் ஏழு. நாளுக்கு ஒரு துண்டு இணைத்தால் வாரத்திற்கு ஒரு பூ மலரும். ஓராண்டில் 52 பூக்கள் சேர்ந்துவிடும்.

சிறிய வேலைதானே என்று கவனக்குறைவாக இருத்தல் கூடாது. ஒரு தையல் 1 மில்லிமீட்டர் உள்ளே தள்ளிப் போனால், இருபுறத் துண்டுகளிலும் சேர்த்து 2 மில்லிமீட்டர் குறைந்துவிடும். வரிசை ஒன்றில் அவ்வாறு பன்னிரண்டு தையல்கள் பிசகினால் 24 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ ஓர் அங்குலம் குறையும். பிறகு, அந்த வரிசை அடுத்த வரிசையோடு பொருந்தாது. ஆகவே, ஒவ்வொரு துண்டையும் தைத்தவுடன் அளந்து பார்ப்பதே நல்ல பழக்கமாகும்.

முடிவு தெரியாமல், கிடைத்த சிறு நேரத்தில் தைத்தவர்களை வரலாற்றிலும் காணலாம். 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ்டவுன்மீது குண்டு வீசின. பினாங்கிலிருந்தும் மலாயாவின் பிற ஊர்களிலிருந்தும் ஐரோப்பியர் பலர் சிங்கப்பூருக்குச் சென்றனர். 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரும் வீழ்ந்தது. அங்கிருந்த ஐரோப்பியக் குடிமக்கள் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டனர். 600 கைதிகளுக்கெனக் கட்டப்பட்ட அச்சிறையில் 2,000க்கும் மேற்பட்டோர் நெருக்கியடித்து வாழ்ந்தனர். ஆண்கள் ஒருபுறமும் பெண்களும் குழந்தைகளும் மறுபுறமுமாகப் பிரிக்கப்பட்டனர்.

சிறையிலிருந்த எலிசபெத் என்னிஸ் என்னும் தாதி, அங்கிருந்த சிறுமிகளைத் திரட்டிப் பெண் சாரணியர் குழு ஒன்றைத் தொடங்கினார். எட்டு முதல் பதினாறு வயது வரையிலான அச்சிறுமிகள் வாரம் ஒருமுறை சிறை முற்றத்தின் மூலையில் கூடினர். தங்கள் தலைவியின் பிறந்தநாளுக்கு அவருக்கே தெரியாமல் ஒரு போர்வை தைக்க முடிவு செய்தனர். புதுத் துணியோ நூற்கண்டோ கிடையாது. கந்தலான உடைகளிலிருந்து துண்டுகளை வெட்டினர். பழந்துணியிலிருந்து நூலை உருவினர். அறுகோணத் துண்டுகளைப் பூக்களாகச் சேர்த்து, நடுவில் தத்தம் பெயரைப் பின்னினர். அப்போர்வை இன்று இலண்டனிலுள்ள இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

அதே சிறையில் கனடா நாட்டைச் சேர்ந்த எத்தல் மல்வேனி பெரிய முயற்சி ஒன்றைத் தொடங்கினார். பெண்கள் ஒவ்வொருவரும் 6 அங்குலச் சதுரத் துணி ஒன்றில், தம்மை உணர்த்தும் ஏதேனும் ஒன்றைப் பின்ன வேண்டும் என்றார். சிலர் பூக்களைப் பின்னினர். சிலர் சிறை அறையையே பின்னினர். மலாயாவில் வளர்ந்த 17 வயது ஷீலா ஆலன், தம் தந்தையின் தாயகமான ஆஸ்திரேலியாவின் வரைபடத்தைப் பின்னினார். போர்வைக்கு 66 சதுரங்கள் வீதம் மூன்று போர்வைகள் உருவாயின. அவை காயமுற்ற பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, ஜப்பானிய வீரர்களுக்கென மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டன. ஜப்பானியருக்கும் ஒன்று இருந்ததால்தான் மற்றவையும் சிறையைவிட்டு வெளியேற அனுமதி கிடைத்தது என்று கருதப்படுகிறது.

சதுரங்களில் பெண்கள் தம் பெயரையும் பின்னியிருந்தனர். மனைவி, மக்களின் நிலை தெரியாது தவித்த ஆண்களுக்கு, அந்தப் பெயர்கள் ‘உயிருடன் இருக்கிறோம்’ என்னும் செய்தியாயின. ஒரு பெயரின் மதிப்பை நம் வரலாறும் உணர்த்துகிறது. அதே போர்க்காலத்தில் சயாம் மரண இரயில் பாதை அமைக்கக் கொண்டு செல்லப்பட்டு மாண்ட தமிழ்த் தோட்டத் தொழிலாளர் பலரின் பெயர்கள் எங்கும் பதிவாகவில்லை. ஒரு துண்டுத் துணியில்கூட அவை எஞ்சவில்லை.

சாங்கிப் பெண்களுக்குப் போர் எப்போது முடியும் என்பது தெரியாது. தம் சதுரத்திற்குப் பக்கத்தில் எந்தச் சதுரம் வரும் என்பதும் தெரியாது. ஆனால், தம் கையிலிருந்த 6 அங்குலத் துணியில் என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்திருந்தது. அதைச் செம்மையாகச் செய்தனர்.

மாணவர்களின் செயல்திட்டமும் தேர்வுக்கான மீள்பார்வையும் மர்மப் போர்வை போன்றவையே. முழு வேலையையும் எண்ணும்போது மலைப்புத் தோன்றும். அதனைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, இன்றைக்குரியதை இன்றே செய்து சரிபார்த்தால் மலைப்பு நீங்கும். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது பட்டறிவால் விளைந்த பழமொழி. இன்றைய துண்டைச் செப்பமாகத் தைத்தவருக்கே நாளை முழுப் போர்வை கிட்டும்.

சிந்தித்து விடையளித்திடுக

1. மர்மப் போர்வை ஏனைய ஒட்டுப்போர்வைகளிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?
2. சிறு பிசகும் பெரும் குறையாக மாறும் என்பதைக் கட்டுரை எவ்வாறு விளக்குகிறது?
3. சாங்கிச் சிறைப் போர்வைகளில் பெயர்களைப் பின்னியதன் பயன் யாது?
4. நீர் மேற்கொண்டுள்ள நீண்ட பணி ஒன்றை நாளுக்குப் பதினைந்து நிமிடத்தில் செய்யத்தக்க பகுதிகளாகப் பிரித்துப் பட்டியலிடுக.