திருப்பிக் கொடுப்பதா, வாங்கிக்கொள்வதா?

நுழையும்முன்

உழவர் வழக்கில் ஊன்றிய 'குத்தகை' என்னும் சொல் இன்று மகிழுந்துக்கும் வந்துவிட்டது. அமெரிக்காவில் மகிழுந்தை விலைக்கு வாங்காமல் குத்தகைக்கு எடுப்போர் பலர். குத்தகைக் காலம் முடியும் நாளில் அவர்கள் எடுக்க வேண்டிய முடிவையும் அதன் பின்னுள்ள கணக்கையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

நிலக் குத்தகைக்கும் ஊர்திக் குத்தகைக்கும் அடிப்படையில் ஒரு வேறுபாடு உண்டு. ஆண்டுகள் கழிந்தாலும் நிலம் நிலமாகவே இருக்கும். ஊர்தியோ ஓட ஓடத் தேயும். அத்தேய்மானத்திற்குக் கொடுக்கும் விலையே ஊர்திக் குத்தகை எனலாம். 30,000 டாலர் விலையுள்ள மகிழுந்து 36 மாதங்களுக்குப் பின் 18,000 டாலர் பெறும் என்று குத்தகை நிறுவனம் கணிப்பதாகக் கொள்வோம். இடையில் குறையும் 12,000 டாலரும் அதனோடு சேரும் வட்டியும் வரியுமே மாதத் தவணைகளாகப் பிரிக்கப்படுகின்றன. எஞ்சிய 18,000 டாலரை 'எஞ்சு மதிப்பு' என்பர். கையெழுத்திடும் நாளிலேயே அது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டுவிடும். குத்தகையின் செலவுகளையும் நிபந்தனைகளையும் முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதற்காகவே அந்நாட்டில் 1976ஆம் ஆண்டு நுகர்வோர் குத்தகைச் சட்டம் இயற்றப்பட்டது.

ஆயினும் எஞ்சு மதிப்பு ஒரு கணிப்பே. மூன்றாண்டுக்குப் பின் சந்தை அதற்குக் கட்டுப்பட்டு நடப்பதில்லை.

காலம் முடிந்ததும் ஊர்தியைத் திருப்பிக் கொடுக்கலாம். எஞ்சு மதிப்பைச் செலுத்திச் சொந்தமாக்கிக்கொள்ளலாம். நிறுவனம் இசைந்தால் சில மாதங்கள் நீட்டிக்கலாம். அது முடிவைத் தள்ளிப்போடுவதே. திருப்பிக் கொடுப்பது எளிது போலத் தோன்றும். ஆனால், ஆண்டுக்கு 12,000 மைல் என ஒப்பந்தம் எல்லை வகுத்திருக்க, ஊர்தி மூன்றாண்டில் 40,000 மைல் ஓடியிருந்தால், மிகையான 4,000 மைலுக்கும் பணம் கட்ட வேண்டும். மைலுக்கு 20 சென்ட் என்றால் அது 800 டாலர். திருப்பிக் கொடுப்பதற்கான கட்டணம் 400 டாலர் எனக் கொண்டால், மொத்தம் 1,200 டாலர் ஆகிறது. கீறல், நசுங்கல், தேய்ந்த சக்கரம் ஆகியவற்றுக்கான தொகை தனி.

அதே ஊர்தி இன்று சந்தையில் 16,500 டாலருக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 18,000 கொடுத்து வாங்குவது அறிவீனம் என்றே முதலில் தோன்றும். திருப்பிக் கொடுத்துவிட்டு அதே போன்ற வேறொன்றை வாங்குபவர் செலவிடுவது 16,500உம் 1,200உம் சேர்ந்து 17,700 டாலர். வரிகளை நீக்கிப் பார்த்தால் வேறுபாடு 300 டாலர்தான். முன்பின் அறியாத ஒருவர் ஓட்டிய ஊர்திக்கும், எண்ணெய் மாற்றிய நாள் முதல் எல்லாம் தெரிந்த தம் ஊர்திக்கும் இடையே 300 டாலர் வேறுபாடு பெரிதன்று என்று கருதுவோரைக் குறைகூற இயலாது.

இவ்விடத்தில் மனம் வேறொரு கணக்கையும் நுழைக்கும். "மூன்றாண்டுகள் தவணை கட்டியாயிற்று, இப்போது கொடுத்துவிட்டால் அத்தனையும் வீண்" என்று அது சொல்லும். சிக்கனத்தின் குரலில் பேசுவதாலேயே இவ்வெண்ணம் மிகுதியாக ஏமாற்றுகிறது. கட்டிய தவணை மூன்றாண்டுப் பயணத்தின் விலை; அப்பயணம் நிகழ்ந்து முடிந்துவிட்டது. வாங்கினாலும் விட்டாலும் அப்பணம் திரும்பாது. இனிச் செலவாகப்போவதை மட்டுமே ஒப்பிட வேண்டும்.

கணிப்பு மறுபக்கமும் பிழைக்கலாம். 2021ஆம் ஆண்டு, பெருந்தொற்றையடுத்துக் குறைகடத்திச் சில்லுகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. தொழிற்சாலைகள் உற்பத்தியைக் குறைத்தன. புதிய மகிழுந்துகள் கிடைப்பது அரிதாயிற்று. பழைய ஊர்திகளின் விலை உயர்ந்தது. 2018இல் எஞ்சு மதிப்பை எழுதியவர்கள் இதை எண்ணிப் பார்த்திருக்க வழியில்லை. சந்தையில் 21,000 டாலர் பெறும் ஊர்தியை 18,000 டாலருக்கு வாங்கும் உரிமை கையில் இருக்க, ஒப்பந்தத்தைப் புரட்டிப் பாராமல் சாவியை ஒப்படைத்தவர் 3,000 டாலரையும் சேர்த்தே ஒப்படைத்தார். இதை உணர்ந்த சில நிறுவனங்கள், குத்தகைதாரர் தம் ஊர்தியைப் பிற விற்பனையாளரிடம் நேரடியாக விற்பதற்குத் தடை விதித்தன.

கற்பவை கற்றபின்

மேற்காட்டிய மகிழுந்து 34,000 மைல் மட்டுமே ஓடி, அதன் சந்தை விலை 15,000 டாலராக இருப்பின், எம்முடிவு தகும் எனக் கணக்கிட்டு வகுப்பில் உரையாடுக.