பொங்கல் மதியம்: பிள்ளைகள் ஆங்கிலம் பேச 5 வழிகள்

ஆங்கிலம் என்றால் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் வாயே திறப்பதில்லையா? பொங்கல் விடுமுறைக்கு முந்தைய மதியத்தை இப்படிக் கொண்டாடுங்கள்.

1. பாட், ரைஸ், மில்க், சுகர்கேன் என ஆறேழு சொற்கள் மட்டும் எடுங்கள். கூடினால் எதுவும் மனதில் நிற்காது.

2. பொருளையே கையில் கொடுங்கள். கரும்பைக் கடித்துக்கொண்டே சொன்ன ‘ஸ்வீட்’ மறக்காது.

3. ‘சைமன் சேஸ்: ஸ்டர் த பாட்!’ (சைமன் சொல்கிறார்: பானையைக் கிளறு!) என்று கட்டளையிட்டு விளையாடுங்கள். கூச்சப்படும் பிள்ளையும் கையைச் சுழற்றிப் பதில் சொல்லும்.

4. பானை வடிவில் வாழ்த்து அட்டை வெட்டி, ‘டு அம்மா’ என்று எழுதச் சொல்லுங்கள். படிக்க ஆள் இருந்தால் எழுத ஆசை வரும்.

5. பிழையை இடைமறித்துத் திருத்தாதீர்கள். பேசி முடித்ததும் சரியான வாக்கியத்தை நீங்கள் சொல்லுங்கள். குறுக்கிட்டால் பேச்சே நின்றுவிடும்.