எத்தனை மடங்கு என்று கேட்ட தம்பிக்கு



தொலைநோக்கிக்காக ஆறு அங்குல ஆடியைத் தேய்க்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததில் மகிழ்ச்சி. "இது எத்தனை மடங்கு பெரிதாக்கிக் காட்டும்?" என்று கேட்டிருக்கிறாய். அதைக் கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸிடம் கேட்க வேண்டும். உன் ஆடியின் குவியத் தூரம் 1200 மி.மீ. 25 மி.மீ. ஐபீஸைச் செருகினால் 48 மடங்கு, 10 மி.மீ. செருகினால் 120. வெறும் வகுத்தல் கணக்கு. பொம்மை டெலஸ்கோப் பெட்டிகளில் 600 என்று அச்சடித்து விற்பதும் இந்தக் கணக்கை வைத்துத்தான். ஆனால் காவலூர் வைணு பாப்பு தொலைநோக்கியை 2.34 மீட்டர் என்று ஆடியின் அகலத்தை வைத்தே அடையாளம் சொல்வார்கள்.

இருட்டுக்குப் பழகிய இளம் கண்ணின் பாவை 7 மி.மீ. அளவுக்கு விரியும். உன் 150 மி.மீ. ஆடியின் பரப்பு அதைப்போல் சுமார் 460 மடங்கு. அத்தனை ஒளியையும் வாங்கிச் சின்னப் பிம்பமாகக் குவிப்பது ஆடி. அந்தப் பிம்பத்தைக் கிட்டத்தில் பார்க்க உதவும் உருப்பெருக்கிதான் ஐபீஸ். ஒரு கரண்டி மாவை எவ்வளவு இழுத்தாலும் தோசை மெலியுமே தவிர, மாவு கூடாது. ஓரையன் நெபுலாவை 300 மடங்கில் பார்த்தால் மங்கிப்போவது அதனால்தான். 48இல் பார். காற்றின் நடுக்கமும் சேர்ந்தே பெரிதாகும் என்பதையும் மறக்காதே.

பெருக்கமே வேண்டாம் என்பதில்லை. 1781 மார்ச் 13 அன்று இங்கிலாந்தின் பாத் நகரில் வில்லியம் ஹெர்ஷல், தானே தேய்த்த ஆறு அங்குலச் சொச்சம் உலோக ஆடியில், 227 மடங்கில், வித்தியாசமான ஒரு புள்ளியைக் கண்டார். 460, 932 என்று ஏற்றிப் பார்த்தார். பெருக்கத்துக்கு ஏற்ப அது வளர்ந்தது. பக்கத்து நட்சத்திரங்கள் அப்படி வளரவில்லை. வால்நட்சத்திரம் என்றுதான் முதலில் எண்ணினார். அது யுரேனஸ். 932 வரை ஏறியும் நட்சத்திரங்களின் பிம்பம் கலையாமல் நின்றது ஆடியின் தரத்தால். ஒருமுறை மெருகேற்றும்போது பதினாறு மணி நேரம் கையை எடுக்கவில்லையாம். தங்கை கரோலின் சோற்றை வாயில் ஊட்டிவிட்டிருக்கிறார். (நீ வேளாவேளைக்கு எழுந்துபோய்ச் சாப்பிடு.)

இனி உன் ஆடிக்கு வருகிறேன். தேய்க்கும் கார்போரண்டம் தூள் ஒன்றிலிருந்து அடுத்த நைஸுக்குப் போகும்போது மேசை, வாளி, உன் நகக்கண் எல்லாவற்றையும் கழுவு. தப்பிய ஒரு பருமணல் போதும், மறுபடி கீறல். சீரியம் ஆக்சைடு மெருகு முடிந்ததும் 2400 மி.மீ. தள்ளி விளக்கையும் பிளேடையும் வைத்து ஆடியின் மேடுபள்ளத்தை நிழலாகக் காட்டும் கத்திமுனைச் சோதனை செய். மின்விசிறியை நிறுத்திவிடு. கட்டைவிரலைப் பத்து விநாடி ஆடிமேல் வைத்து எடுத்துப் பார்: விரல் பட்ட இடத்தில் ஒரு குன்று எழுந்து நிற்கும், ஆறியதும் மெல்ல அமரும். உன் ஆடியில் பொறுத்துக்கொள்ளக்கூடிய பிழை சுமார் 0.00007 மி.மீ. தேய்த்த சூட்டோடு சோதித்தால், இல்லாத மேட்டைத் தேய்க்கப்போய்ப் பள்ளம் பறிப்பாய். ஓர் இரவு ஆறவிடு.

ஐபீஸ் இப்போதைக்கு இரண்டு போதும், 25உம் 10உம். 4 மி.மீ.க்கு வைத்திருக்கும் பணத்தை அலுமினியப் பூச்சுக்கு ஒதுக்கு. பூச்சுக்கு அனுப்பும் முன் நிழல் படங்களை எனக்கு அனுப்பு; விளிம்பு சரிந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். பூசிய பிறகு திருத்துவதென்றால் பூச்சையும் கரைத்தாக வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்