நகங்களுக்கு அழகு சேர்க்கும் முன்…

தீபாவளி நெருங்கும்போதும், வீட்டில் திருமணம் வரும்போதும் கைகளை அழகுபடுத்திக்கொள்ள ஆசை வருவது இயல்பு. பேத்தி நகச்சாயப் போத்தலுடன் வந்து, “பாட்டி, கையைக் காட்டுங்க” என்றால் தயங்க வேண்டாம். வீட்டில் இருக்கும் சில பொருள்களைக் கொண்டே நகங்களில் அழகான புள்ளிக்கோலம் போடலாம். ஆனால், சாயம் பூசிய பிறகு நகத்தின் நிறம் தெரியாது. எனவே, முதலில் நகத்தைக் கவனியுங்கள்.

முதலில் பாருங்கள்

பழைய சாயத்தை அகற்றி, கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, நன்றாகத் துடையுங்கள். மூக்குக்கண்ணாடி அணிந்து, வெளிச்சமான இடத்தில் பத்து விரல்களையும் பாருங்கள். வயதாகும்போது நகத்தில் நெடுக்காக மெல்லிய வரிகள் தோன்றுவது சாதாரணம். ஆனால், கீழ்க்காணும் மாற்றங்கள் இருந்தால் சாயம் பூசாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்:

• தடித்து, மஞ்சளாகி, உதிரும் நகம்: பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம்.
• கரண்டிபோல் குழிந்த நகம்: இரும்புச்சத்துக் குறைவைக் காட்டலாம்.
• நகத்தைச் சுற்றிச் சிவப்பு, வீக்கம், வலி, சீழ்: கிருமித்தொற்றாக இருக்கலாம்.
• ஒரே நகத்தில் புதிதாகத் தோன்றிய, அல்லது அகலமாகிவரும் கரும்பழுப்புக் கோடு: அரிதாக, இது புற்றுநோயின் அறிகுறியாக இருக்கலாம்.

கருமையான சருமம் உள்ளவர்களுக்குப் பல நகங்களில் மெல்லிய பழுப்புக் கோடுகள் இருப்பதுண்டு. அவை பெரும்பாலும் தீங்கற்றவை. ஒரு கோடு மட்டும் மாறினால் அதைக் கவனியுங்கள்.

தேவையான பொருள்கள்

இரண்டு நிறங்களில் நகச்சாயம், நிறமற்ற நகச்சாயம், பல்குத்தும் குச்சி, உருண்டை முனையுள்ள ஹேர்பின், பஞ்சு, சிறு அலுமினியத் தாள், சுருட்டிய துண்டு.

வரையும் முறை

1. சன்னலைத் திறந்து வையுங்கள். நகச்சாயமும் அதை அகற்றும் திரவமும் எளிதில் தீப்பிடிக்கும். சாமி விளக்கு, ஊதுபத்தி, அடுப்பு ஆகியவற்றின் அருகில் அமர வேண்டாம்.
2. நகத்தை ஒட்டியுள்ள மெல்லிய தோலை வெட்ட வேண்டாம். அது கிருமிகள் உள்ளே நுழையாமல் தடுக்கிறது.
3. மணிக்கட்டைச் சுருட்டிய துண்டின்மேல் வையுங்கள். கை நடுக்கம் இருந்தால் இது உதவும்.
4. ஒரு நிறத்தை மெல்லியதாகப் பூசி, நன்றாகக் காயவிடுங்கள்.
5. மற்றொரு நிறத்தில் ஒரு சொட்டை அலுமினியத் தாளில் விடுங்கள். ஹேர்பின் முனையை அதில் தொட்டு, நகத்தின் நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். அதைச் சுற்றி, குச்சியின் முனையால் ஐந்து சிறு புள்ளிகள் வைத்தால் பூ தயார்.
6. புள்ளிகள் காய்ந்த பிறகு நிறமற்ற சாயத்தைப் பூசுங்கள். ஈரமாக இருக்கும்போது பூசினால் கோலம் கலைந்துவிடும்.

ஒரு வாரம் கழித்துச் சாயத்தை அகற்றி, நகங்களை மறுபடியும் பாருங்கள்.

நீரிழிவு நோய் உள்ளவர்களுக்கு

கால் நகங்களுக்குச் சாயம் பூசாமல் இருப்பது நல்லது. நீரிழிவு நோயால் பாதத்தில் உணர்ச்சி குறையலாம். காயம் பட்டாலும் வலி தெரியாது. ஆகவே, பாதங்களைத் தினமும் கண்ணால் பார்ப்பது அவசியம்.

கால் நகங்களை நேராக வெட்டுங்கள். ஓரங்களை ஆழமாக வெட்ட வேண்டாம். பார்வை மங்கலாக இருந்தால் குடும்பத்தாரின் உதவியைக் கேளுங்கள். நகவெட்டியைப் பிறருடன் பகிர வேண்டாம். காயம் ஏற்பட்டால் கழுவி, சுத்தமான துணியால் மூடுங்கள். சிவப்பு, வீக்கம், சீழ் தென்பட்டால், அல்லது காயம் ஆறாவிட்டால், உடனே மருத்துவரைப் பாருங்கள்.

மருதாணி வைப்பவர்களுக்கு

இயற்கை மருதாணி ஆரஞ்சு அல்லது செம்பழுப்பு நிறம் தரும். விரைவில் கறுப்பாகப் பிடிக்கும் “கறுப்பு மருதாணி”யில் தலைமுடிச் சாயத்தில் உள்ள பிபிடி என்ற ரசாயனம் இருக்கலாம். அது கொப்புளத்தையும் தழும்பையும் ஏற்படுத்தக்கூடும். ஜி6பிடி குறைபாடு உள்ள பேரப்பிள்ளைகளுக்கு எந்த மருதாணியும் வைக்க வேண்டாம். அது அவர்களின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும்.

மருத்துவமனைக்குச் செல்லும் முன்

அறுவைசிகிச்சைக்கு முன் நகச்சாயத்தை அகற்றிவிடுங்கள். விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் கருவி, அடர்ந்த நிறச் சாயத்தால் தவறான அளவைக் காட்டலாம். மருதாணி வைத்திருந்தால் தாதியிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

நகத்தில் காணும் மாற்றம் குறித்துச் சந்தேகம் இருந்தால், சாயத்தால் அதை மறைக்காமல், உங்கள் குடும்ப மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ காட்டுங்கள்.