ஆட்டம் முடியாமல் போட்டோவுக்குத் தேதி குறிக்காதீர்கள்

விளையாடுகிற பிள்ளை இருக்கும் வீட்டில் குடும்பப் படம் எடுக்க வேண்டுமா? போட்டோகிராபர் மைதானத்துக்கு வரட்டும். அவர் சொன்ன பூங்காவுக்குப் பிள்ளையை ஆட்டத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடாதீர்கள். போன டிசம்பரில் எங்கள் வீட்டில் நடந்ததைப் பார்த்த பிறகும், "ஒரு நாள் விளையாடாவிட்டால் என்ன குடிமுழுகிவிடும்?" என்று கேட்பவர்கள் எங்கள் சொந்தத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

எங்களுக்கு அம்பர்நாத் கிழக்கு. மகன் எட்டாம் வகுப்பு. மாட்டுங்காவில் பள்ளி, பதினான்கு வயதுக்குட்பட்டோர் கிரிக்கெட். மகள் பத்தாவது, கோ-கோ. நவம்பர் பிறந்துவிட்டால் பிப்ரவரி வரை எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். மறுநாள் ஆட்டம் ஆசாத் மைதானத்திலா, கிராஸ் மைதானத்திலா, சிவாஜி பார்க்கிலா என்பது முதல் நாள் ராத்திரி வாட்ஸப்பில் வரும். அதைப் பார்த்துவிட்டுத்தான் எத்தனை மணி வண்டி என்று முடிவாகும். இங்கிருந்து சிஎஸ்எம்டி 60 கிலோமீட்டர். அம்பர்நாத்திலேயே கிளம்பும் லோக்கல் கிடைத்தால் உட்கார இடம் உண்டு. கர்ஜத் பக்கத்திலிருந்து வரும் வண்டி என்றால் கிட் பேக்கோடு லக்கேஜ் பெட்டிதான் கதி. கூடைகளுக்கும் மூட்டைகளுக்கும் நடுவில் பேக்கைச் சாய்த்து, அதன் மேலேயே உட்கார்ந்து, டப்பாவிலிருக்கும் இட்லியைத் தின்றுகொண்டே தாதர் வரை போவான். ஞாயிறு மெகா பிளாக் இருந்தால் அந்தக் கணக்கும் தப்பும்.

"இவ்வளவு தூரம் எதற்கு, இங்கேயே ஒரு பள்ளியில் படிக்கக் கூடாதா?" என்று கேட்பார்கள். பிருத்வி ஷா விராரிலிருந்து பாந்த்ரா வந்தார். ஷர்துல் தாக்கூர் பால்கரிலிருந்து ரயிலேறினார். மும்பை கிரிக்கெட் இப்படித்தான் வளர்ந்திருக்கிறது. என் மகன் அவர்களைப் போல் ஆவான் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அவன் விளையாட வேண்டும் என்று மட்டும்தான் சொல்கிறேன்.

இனி நடந்தது. மாமா, அதாவது என் மாமனார், அம்பர்நாத் ஆர்ட்னன்ஸ் ஃபாக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுத் திருநெல்வேலிக்குத் திரும்பியவர். நவம்பர் கடைசியில் அவரும் அத்தையும் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் வந்து கல்யாணில் இறங்கினார்கள். பொங்கல் வரை இருப்பதாக ஏற்பாடு. எல்லோரும் சேர்ந்து ஒரு படம் எடுத்து வீட்டில் மாட்ட வேண்டும் என்பது அத்தையின் ஆசை, நியாயமான ஆசை. செம்பூரில் இருக்கும் நாத்தனார் பொறுப்பை எடுத்துக்கொண்டார். அவருக்குத் தெரிந்த போட்டோகிராபர், மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸில் ஞாயிறு காலை, 15,000 ரூபாய், முழுப் பணமும் முன்கூட்டியே. "டிசம்பரில் எங்களால் முன்கூட்டி நாள் சொல்ல முடியாது மதினி, ஜனவரி பார்ப்போம்" என்றேன். "ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடவா ஒழியாது?" என்று அவர் என் கணவரிடம் கேட்டார், இவரும் அக்கா பேச்சைத் தட்டாமல் பணத்தை அனுப்பிவிட்டார். எல்லாவற்றுக்கும் வினை வைத்தது அந்த ஒரு அனுப்புதல்தான்.

படம் எடுக்கும் வாரத்தில் ஆட்டம் வெள்ளி, சனி இரண்டு நாள். வெள்ளி மாலை ஆட்டம் நின்றபோது மகன் 22 ரன்னோடு ஆட்டமிழக்காமல் நின்றான். அன்று ராத்திரி பெய்த மழையில் பிட்ச் நனைந்து, இரண்டாம் நாளை ஞாயிற்றுக்குத் தள்ளினார்கள். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. சனிக்கிழமை மத்தியானமே போட்டோகிராபரைக் கூப்பிட்டேன். மாலைக்கு மாற்ற முடியுமா? முடியாது. அடுத்த வாரம்? ஏழு நாள் முன்னால் சொல்லியிருக்க வேண்டும். பாதிப் பணமாவது? "மேடம், ஸ்லாட் உங்களுடையது, வருவதும் வராததும் உங்கள் இஷ்டம்."

வீட்டில் பெரிய பேச்சாகிவிட்டது. "ஒரு பந்து விளையாட்டுக்காக எங்கப்பா அம்மா காத்துக் கிடக்கணுமா?" என்றார் நாத்தனார். ஆட்டமிழக்காமல் நிற்கும் பையன் மறுநாள் வராவிட்டால் அணிக்கு ஒரு விக்கெட் போனதாகத்தான் கணக்கு. இதை வீட்டுப் பெரியவர்களுக்குப் புரியவைக்க நான் சொன்ன உதாரணம் பக்கத்து ஊரில் நடந்தது. 2016 ஜனவரியில் கல்யாணில் பிரணவ் தனவடே என்ற பள்ளி மாணவர் முதல் நாள் முடிவில் 652 ரன்னோடு ஆட்டமிழக்காமல் நின்றார். மறுநாள், மொத்தம் 327 பந்தில், 1009-ஐத் தொட்டார். இன்றுவரை வேறு யாரும் எடுக்காத ரன் அது. அப்பா ஆட்டோ ஓட்டுபவர். அந்த இரண்டாம் நாள் காலை வீட்டில் யாராவது, "இன்று போட்டோ எடுக்கணும், மைதானத்துக்குப் போகாதே" என்று சொல்லியிருந்தால்? மாமா உடனே, "அவன் போகட்டும்" என்றார். மகனை நான் அனுப்பிவைத்தேன். இப்போது கேட்டாலும் அனுப்புவேன். 41 எடுத்தான், ஜெயித்தார்கள்.

ஃபைவ் கார்டன்ஸில் மற்ற எட்டுப் பேரும் நின்றோம். அதோடு விட்டிருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன். பத்து நாள் கழித்து, சட்டம் போட்ட படம் நாத்தனார் வீட்டுக்கு வந்தது. அதில் என் மகன் இருக்கிறான்! அத்தையின் நாற்காலிக்குப் பின்னால், மார்பளவு, கழுத்தில் பள்ளி டையோடு. ஆறாம் வகுப்பு அடையாள அட்டைக்கு எடுத்த படத்தை நாத்தனார் அனுப்பிவைக்க, போட்டோகிராபர் அதை வெட்டி ஒட்டியிருக்கிறார். எங்கள் எல்லோர் முகத்திலும் வெயில் வலப்பக்கம் விழுகிறது. அவன் முகத்தில் மட்டும் இடப்பக்கம். வெயிலில் கறுத்து, தோள் அகன்று, மேலுதட்டில் பூனைமயிர் அரும்பத் தொடங்கிய பையனை விட்டுவிட்டு, பவுடர் பூசிய பதினோரு வயதுக் குழந்தையை வைத்திருக்கிறார்கள். "எல்லோரும் இருக்கிறோமே, பிறகென்ன?" என்றார்கள். அந்தப் படம் செம்பூரில் மாட்டியிருக்கிறது. எனக்கென்று வந்த பிரதியை நான் மாட்டவில்லை. அன்று அவன் எங்கே இருந்தான் என்பதை மறைப்பதற்காகச் செய்த படம் அது. அவன் இருந்த இடத்தைச் சொல்ல எங்களுக்கு என்ன வெட்கம்?

அப்புறம் நானே ஏற்பாடு செய்தேன். முதலில் கண்டுகொண்டது: மார்கழி. ஆடியைப் போலவே நம்மவர்கள் மார்கழியிலும் கல்யாணம் வைப்பதில்லை. குஜராத்திகளும் டிசம்பர் நடுவிலிருந்து சங்கராந்தி வரை நல்ல காரியங்களைத் தள்ளிவைப்பார்கள். கல்யாணப் படமெடுக்கும் பையன்களுக்கு அந்த ஒரு மாதம் வேலை குறைவு. நம் பிள்ளைகளுக்கோ அதுதான் ஆட்டம் உச்சத்தில் இருக்கும் மாதம். அம்பர்நாத்திலேயே கல்யாணங்களுக்கு எடுக்கும் ஒரு தம்பியைப் பிடித்தேன். நாள் குறிக்கவில்லை. "இந்த மாதத்தில் ஏதோ ஒரு வார நாள், முதல் நாள் ராத்திரி சொல்வேன், இரண்டு மணி நேரம் போதும்" என்றேன். 4,000 ரூபாய், அதில் 500 முன்பணம். உடனே ஒத்துக்கொண்டார்.

ஆசாத் மைதானத்தில் ஆட்டம் விழுந்த அன்று, ஆபீஸ் கூட்டம் குறைந்த பிறகு, மாமாவையும் அத்தையையும் ரயிலில் கூட்டிப்போனேன். இருபத்திரண்டு பிட்ச்கள் உள்ள மைதானம். ஒரு ஆட்டத்தின் ஃபீல்டர் அடுத்த ஆட்டத்தின் பௌலருக்குப் பக்கத்தில் நிற்பார். ஹாரிஸ் ஷீல்டில் 1988 பிப்ரவரியில் டெண்டுல்கரும் காம்ப்ளியும் சேர்ந்து 664 அடித்தது இங்கேதான் என்று மாமாவே அத்தையிடம் விளக்கிக்கொண்டிருந்தார். டென்ட் நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முழு மத்தியானமும் பேரன் ஃபீல்டிங் செய்வதைப் பார்த்தார்கள். நாத்தனாரையும் கூப்பிட்டிருந்தேன். வரவில்லை, அது அவர் முடிவு.

மாலை ஆட்டம் முடிந்ததும் படம். எப்படி நிற்பது என்று மகள்தான் சொன்னாள். கோ-கோவில் எட்டுப் பேர் ஒரே வரிசையில், ஆளுக்கொரு திசை பார்த்துக் குந்தியிருப்பார்கள். வரிசையின் இரு முனையிலும் கம்பம். மாமாவும் அத்தையும் இரண்டு நாற்காலியில் கம்பங்களாக உட்கார, நடுவில் நாங்கள் நான்கு பேரும் மாறி மாறி முகம் திருப்பிக் குந்தினோம். மகன் ஆட்ட உடுப்பை மாற்றவில்லை. வெள்ளைப் பேன்டின் முழங்காலில் செம்மண் கறை. மகள் பயிற்சியிலிருந்து நேரே வந்ததால் அணியின் டீ-ஷர்ட்டோடு இருந்தாள். பின்னால் மாநகராட்சிக் கட்டடத்தின் கோபுரம். அத்தை பட்டுப்புடவையைப் பையில் கொண்டுவந்திருந்தார், "பிள்ளைகள் இப்படி இருக்கும்போது எனக்கெதுக்கு?" என்று உடுத்தாமலே விட்டார். அந்தப் படம்தான் எங்கள் கூடத்தில் இருக்கிறது.

நீங்கள் எடுக்கும்போது உதவும் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். டிசம்பரில் மும்பையில் ஆறு மணிக்கெல்லாம் சூரியன் விழுந்துவிடும். ஐந்து மணிக்கு வெயில் சாய்ந்து இதமாக இருக்கும், ஆட்டமும் ஏறக்குறைய அப்போதுதான் முடியும். உச்சி வெயிலில் எடுக்கவே வேண்டாம். தொப்பியின் நிழலில் கண் தெரியாது. எடுத்தே தீர வேண்டுமென்றால் தொப்பியைக் கழற்றச் சொல்லி, டென்டின் விளிம்பு நிழலில் நிறுத்துங்கள். கிரிக்கெட்டின் வெள்ளை உடுப்பு கேமராவை ஏமாற்றும். வெள்ளை நிறைய இருந்தால், வெளிச்சம் அதிகம் என்று எண்ணி அது முகத்தைக் கறுப்பாக்கிவிடும். செல்போனில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தை நிறுத்திவையுங்கள். சட்டை வெளிறினால் பக்கத்திலிருக்கும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுங்கள். நல்ல கேமரா என்றால் ஓட்டத்துக்கு ஷட்டர் 1/1000 நொடி வேண்டும். குடும்பமாக நிற்கும் படத்துக்கு 1/125 போதும்.

பவுண்டரிக்கு வெளியே நின்று செல்போன் ஜூமில் பேட்டிங்கைப் பிடிக்க முயல்வது வீண். தெரிவது ஒரு வெள்ளைப் புள்ளிதான். பேட் கட்டுவது, முறை வரும்வரை நகம் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது, அவுட்டாகி வந்து ஹெல்மெட்டைக் கழற்றும்போது நெற்றியில் ஒட்டியிருக்கும் முடி. இவற்றை எடுங்கள், இவைதான் பின்னால் வேண்டும் என்று தோன்றும். அம்மாக்களே, போனை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு நீங்களும் படத்துக்குள் வாருங்கள். மூன்று வருட ஆட்டப் படங்களில் நான் ஒன்றில்கூட இல்லை. பிள்ளையை மைதானத்துக்குக் கொண்டுவந்தது யார் என்று பிற்பாடு அந்தப் படங்களைப் பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்?

மைதானத்தில் கேமராவை எடுக்குமுன் கோச்சிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மற்ற பிள்ளைகள் முகம் தெரியும் படத்தை அவர்கள் வீட்டைக் கேட்காமல் எங்கும் போடாதீர்கள். வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். ஒன்றையாவது பிரின்ட் போடுங்கள்.

அம்பர்நாத்காரர்களுக்குத் தனியாக ஒன்று. மைதானம் வரை பெரியவர்களால் வர முடியாவிட்டால் வால்துனி ஆற்றங்கரையில் நம் சிவன் கோயில் இருக்கிறது. 1060-ல் சிலாஹாரர் காலத்தில் எழுந்தது. கருங்கல் சிற்பங்களுக்கு எதிரில் காலை வெயிலில் எந்த முகமும் துலங்கும். பயிற்சிக்குக் கிளம்புமுன் ஏழரைக்கு முடித்துவிடலாம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் என்பதால் ஸ்டாண்டு இல்லாமல் கையில் பிடித்து எடுப்பதே நல்லது. சிவராத்திரி சமயத்தில் மட்டும் போகாதீர்கள், நிற்க இடமிருக்காது.

போட்டோகிராபரிடம் பேசும்போது விலையைக் கடைசியில் கேளுங்கள். முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: "ஆட்டம் தள்ளிப்போனால், முதல் நாள் ராத்திரி சொன்னால் நாளை மாற்றித் தருவீர்களா?" சரி என்றால் வாட்ஸப்பிலாவது எழுதி வாங்குங்கள். இரண்டாவது, வராதவரை வெட்டி ஒட்டக் கூடாது என்றும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். நான்கில் ஒரு பங்குக்கு மேல் முன்பணம் கொடுக்காதீர்கள். முழுப் பணமும் முதலிலேயே வேண்டும் என்பவரை விட்டுவிடுங்கள். மார்கழியில் வேறு ஆள் நிச்சயம் கிடைப்பார்.