உங்க தெருவில் எத்தனை படி மிச்சம்?

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போனால் ஒரு சின்ன வேலை செய்யுங்க. பழைய வீட்டு வாசல் ஒன்றில் நின்று, ரோட்டிலிருந்து திண்ணைக்கு எத்தனை படி என்று எண்ணுங்க.

ஏழாயிரம்பண்ணையில் எங்க அம்மாச்சி வீட்டுக்கு முன்னாடி மூணு படி இருந்ததாம். இப்போ ஒண்ணுதான். யாரும் இடிக்கவில்லை, ரோடுதான் மேலே ஏறி வந்துவிட்டது. மழை பெய்தால் தண்ணி திண்ணையைத் தொடுகிறது. அதனால் பக்கத்தில் நாலு வீட்டில் திண்ணையை உடைத்து, தரையை உயர்த்தி, கிரில் கேட் போட்டுவிட்டார்கள்.

பாளையக்காரர் காலத்து ஊர் இது. இன்று பட்டாசும் தீப்பெட்டியும்தான் பிழைப்பு. கரிசல் பூமி, வெயில் பிளக்கும். வாசலில் வேம்பு, அதன் நிழலில் திண்ணை, அதற்குக் கீழே தெரு என்று பெரியவர்கள் அமைத்தது அழகுக்காக இல்லை. "இந்தத் திண்ணையில உக்காந்து தீப்பெட்டி ஒட்டித்தான்ல உங்கம்மாவப் படிக்க வச்சேன்" என்பார் அம்மாச்சி. வெயில் படும் பரப்பைவிட நிழலில் இருக்கும் பரப்பு 11 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரை குளிர்ச்சியாக இருக்கலாம் என்கிறது அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. அம்மாச்சிக்கு அந்தக் கணக்கு தேவைப்படவில்லை.

சரி, ஒரு தெருவின் முகத்தைக் காப்பாற்ற முடியுமா? முடியும். புதுச்சேரி வைசியாள் தெருவைப் பாருங்க. திண்ணையும் தெருவை ஒட்டிய தாழ்வாரமும் கொண்ட தமிழ் வீடுகள் வரிசையாக இருந்த தெரு. 2002இல் தொடங்கிய ஐரோப்பிய ஒன்றிய உதவித் திட்டத்தில், இன்டாக் அமைப்பு அந்த வீடுகளின் முகப்புகளைச் சீரமைத்தது. 2008இல் அந்த வேலைக்கு யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. தனித்தனி வீடாகப் பார்க்காமல் தெருவை ஒரே பொருளாகப் பார்த்ததுதான் இதில் நமக்குப் பாடம்.

நம்ம ஊருக்கு யுனெஸ்கோ வராது. ஆனா சிவில் படிக்கிறவங்க கையில் மூணு விஷயம் இருக்கு.

1. மில்லிங்: பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே உயரத்துக்குப் புது தார் போடுவது. இப்படித்தான் செய்ய வேண்டும் என்று 2021இல் தமிழக தலைமைச் செயலாளர் அறிவுறுத்தினார். ரோடு போட வரும்போது, "சுரண்டிட்டீங்களா அண்ணே?" என்று கேளுங்க.

2. மரத்துக்கு மண்: தண்ணியையும் காற்றையும் இழுக்கும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் இருக்கும். அடிமரம் வரை சிமெண்ட் போட்டால் மூச்சை அடைத்த மாதிரி. டெல்லி மரங்களைச் சுற்றி 1 மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்றச் சொல்லி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் உத்தரவிட்டது. நம்ம தெருவுக்கும் அந்த 1 மீட்டரை அளவாக வைத்துக்கொள்ளலாம்.

3. பள்ளம் தோண்டும் இடம்: அடிமரத்தை ஒட்டித் தோண்டினால் மரத்தைத் தாங்கும் வேர் போய்விடும். மரம் பச்சையாகவே நிற்கும், அடுத்த பெருங்காற்றில் சாயும்.

மூணாவதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. அம்மாச்சி வீட்டு வேம்பில் இப்போ சிவப்பு பெயிண்ட் அடையாளம் இருக்கு. சாக்கடை வரப்போகிறதாம். சாக்கடை வேண்டாம் என்று சொல்ல முடியாது. கொசுவோடு படுக்கிறது அந்தத் தெரு ஜனங்கதான். அதனால் டேப் பிடித்து அளந்தேன். மரம் வரும் இடத்தில் மட்டும் சாக்கடையை வளைத்தால் ஒரு மீட்டர் மண் மிஞ்சுகிறது, தண்ணி ஓடும் சரிவும் கெடவில்லை. அதை வரைபடமாகப் போட்டு வைத்திருக்கேன். அக்டோபர் 2 கிராம சபையில் மனுவோடு கொடுக்கப் போறேன்.

ஏற்பார்களா, தெரியாது. நாலு வருஷம் படித்த சர்வேயிங் எனக்கு முதல் தடவையாக உதவியது இதுக்குத்தான். நீங்களும் உங்க தெருவை அளந்து எழுதி வையுங்க: படி எத்தனை, மரம் எத்தனை, ரோடு உயரம் எவ்வளவு. ரோடு போட்ட பிறகு அளந்து பிரயோஜனம் இல்லை.