படத்தின் கீழே பாருங்கள்

பெங்களூர் அல்சூரில் ஒரு மகளிர் குழு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேழ்வரகில் என்னென்ன பலகாரம் செய்யலாம் என்று அவர்கள் ஒரு சிறு புத்தகம் போடுகிறார்கள். எழுதி முடித்தாயிற்று. அச்சகத்தில் கூலியும் பேசியாயிற்று. படம்தான் இல்லை.

"செல்போன்ல தேடினா ஆயிரம் படம் வருதே அக்கா. ஒண்ணை எடுத்துப் போட்டுட்டா என்ன?" என்கிறாள் குழுவில் இளையவள்.

"கொடியில காயுற சேலைகூடத்தான் எல்லார் கண்ணுக்கும் தெரியுது. எடுத்துக் கட்டிக்கலாமா?" என்கிறார் மூத்தவர்.

மூத்தவர் சொன்னதே சரி. படம் பெரும்பாலும் அதை எடுத்தவருக்குச் சொந்தம். நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் வந்தது. 2012-இல் அதைத் திருத்தினார்கள். அதன்படி, படம் எடுத்தவர் உயிரோடு இருக்கும் வரை உரிமை உண்டு. அவர் இறந்த பிறகும் 60 ஆண்டுகள் உண்டு. படத்தில் பெயர் இல்லை என்பதால் அது பொதுச் சொத்து ஆகிவிடாது.

அப்படியானால் இலவசப் படமே கிடைக்காதா? கிடைக்கும். நிறையவே கிடைக்கும்.

தாம் எடுத்த படங்களை ஊருக்கே காட்டுவதற்கென்று சில இணையதளங்கள் உள்ளன. ஃபிளிக்கர் அப்படி ஒன்று. விக்கிமீடியா காமன்ஸ் இன்னொன்று. இரண்டும் 2004-இல் தொடங்கியவை. காமன்ஸில் இன்று 10 கோடிக்கு மேல் படங்களும் பிற கோப்புகளும் இருக்கின்றன. இங்கே பலர், "என் படத்தை நீங்களும் பயன்படுத்தலாம்" என்று முன்கூட்டியே எழுதி வைக்கிறார்கள். அதற்குக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் என்று பெயர். சுருக்கமாக 'சிசி' என்பார்கள்.

படத்தின் கீழே இந்த உரிமம் இருக்கும். அதைப் படிக்க வேண்டும். 'பை' என்று இருந்தால், எடுத்தவர் பெயரைப் போட்டுப் பயன்படுத்தலாம். 'என்சி' என்று சேர்ந்திருந்தால் வியாபாரத்துக்கு ஆகாது. புத்தகத்தை விலைக்கு விற்பவர்கள் அந்தப் படத்தைத் தொடாமல் இருப்பதே நல்லது. 'என்டி' என்றால் படத்தை மாற்றக் கூடாது. 'எஸ்ஏ' என்றால், படத்தை மாற்றி வெளியிடுபவர் அதையும் இதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். 'ஆல் ரைட்ஸ் ரிசர்வ்ட்' என்று இருக்கிறதா? எடுத்தவரிடம் அனுமதி கேட்காமல் எடுக்க முடியாது.

பெயரை இப்படிப் போடலாம். படம்: எடுத்தவர் பெயர், கிடைத்த தளம், உரிமத்தின் பெயர். இணையத்தில் வெளியிட்டால் படத்துக்கும் உரிமத்துக்கும் இணைப்பும் கொடுக்க வேண்டும். பெயர் போட இடம் இல்லை என்று சிலர் சொல்வார்கள். அச்சகத்தின் பெயருக்கு மட்டும் எப்படியோ இடம் கிடைத்துவிடுகிறது!

பெங்களூரிலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. 2004-இல் தொடங்கிய பிரதம் புக்ஸ் குழந்தைகளுக்குப் புத்தகம் போடும் நிறுவனம். 2015 செப்டம்பர் 8, உலக எழுத்தறிவு நாளன்று, அது ஸ்டோரிவீவர் என்ற தளத்தைத் திறந்தது. அன்று அதில் 24 மொழிகளில் 800 கதைகள் இருந்தன. கதைகளுக்கு ஓவியர்கள் வரைந்த படங்களும் அங்கே தனியாகக் கிடைக்கும். உரிய பெயர்களைப் போட்டுவிட்டு, தமிழில் மாற்றலாம், அச்சிடலாம், விற்கவும் செய்யலாம்.

படம் அச்சில் தெளிவாக வரவும் வேண்டும். ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்பது அச்சகத்தின் கணக்கு. 4 அங்குல அகலப் படத்துக்கு 1,200 புள்ளி வேண்டும். வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் அனுப்பினால் படம் சுருங்கிவிடும். தளத்திலிருந்து பெரிய அளவையே இறக்கிக்கொள்ள வேண்டும்.

உரிமம் சரியாக இருந்தும் சிக்கல் வரலாம். 2007-இல் ஆஸ்திரேலியாவில் ஒரு செல்போன் நிறுவனம் ஃபிளிக்கரிலிருந்து ஒரு படத்தை எடுத்து விளம்பரம் செய்தது. உரிமம் 'பை' தான். ஆனால் படத்தில் இருந்தவள் அமெரிக்காவின் டெக்சாஸைச் சேர்ந்த ஒரு சிறுமி. அவளுக்கு எதுவும் தெரியாது. பேருந்து நிறுத்தத்தில், கேலியான வாசகத்தோடு அவள் முகம்! குடும்பத்தார் வழக்குப் போட்டார்கள். ஆஸ்திரேலிய நிறுவனத்தை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று அமெரிக்க நீதிமன்றம் 2009-இல் அதைத் தள்ளுபடி செய்தது. அந்தப் பெண்ணுக்கு ஏற்பட்ட அவமானத்தை யார் துடைப்பது? படம் எடுத்தவர் தன் உரிமையைத்தான் கொடுக்க முடியும். படத்தில் இருப்பவரின் சம்மதத்தை அவர் கொடுக்க முடியாது.

அல்சூர் குழுவுக்கும் இந்தக் கேள்வி வரும். கேழ்வரகுக் கதிரின் படத்தைத் தளத்திலிருந்து எடுத்துவிடலாம். அட்டையில் போட, சந்தையில் கேழ்வரகு விற்கும் ஒரு பாட்டியின் படமும் அங்கே கிடைக்கிறது. அழகான படம், 'பை' உரிமம். ஆனால் அந்தப் பாட்டி யார், எந்த ஊர், யாரிடம் கேட்பது?

"நம்ம தெருமுனையில ராகி விக்கிற பாட்டியையே கேப்போம் அக்கா" என்கிறாள் இளையவள். "சரின்னு சொன்னா, நானே செல்போன்ல எடுத்துடறேன். புத்தகம் வந்ததும் முதல் பிரதியை அவங்களுக்கே குடுத்துடலாம்."